நாம்பன் முதலில் நுழைந்த வீடு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் முன்னால் பேசவும் கூச்சம், எழுதவும் கூச்சம். இப்போது வயதும் போய்விட்டது. காலையில் கழற்றி வைத்த கண்ணாடியைப் பின்னேரம் தேடுகிறேன். அதனால் இதில் முன்னது பின்னதாக வந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மாட்டுப் படம் தொங்குகிறது. வந்து போகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்து "நல்ல வடிவான படம், எங்கை வாங்கினீங்கள்?" என்று கேட்கிறார்கள். நான் சிரித்துவிட்டுத் தேத்தண்ணீர் வைக்கப் போய்விடுவேன். வடிவான படம்தான். ஆனால் அதன் கீழே நான் இன்றைக்கும் தலைவைத்துப் படுப்பதில்லை.

அது தொண்ணூறுகளின் முற்பகுதி. நான், மகன், மருமகள் மூன்று பேரும் ஹைம் என்கிற அகதிகள் விடுதியில் ஒரே அறையில் இருந்துவிட்டு, ரூர் ஆற்றுப் பக்கத்தில் ஒரு பழைய நிலக்கரி நகரத்தில் முதல் முதலாக ஒரு வீடு எடுத்தோம். மூன்றாம் மாடி. வெளிச்சுவர் முழுக்கக் கரி படிந்து சாம்பல் நிறமாக இருக்கும். எவ்வளவு மழை பெய்தாலும் அந்த நிறம் போகாது. மருமகளின் வயிற்றில் அப்போது பிள்ளை. ஹைமில் பிள்ளை பிறக்கக்கூடாது என்று அவள் பிடிவாதமாக இருந்தாள்.

அந்த நாட்களில் வெளிநாட்டு ஆட்கள் இருக்கும் வீடுகளுக்குத் தீ வைக்கிறார்கள் என்று தொலைக்காட்சியில் காட்டுவார்கள். மகன் கீழே அழைப்பு மணியில் எங்கள் பெயரை ஒட்டவில்லை. கதவடியில் ஒரு வாளி தண்ணீர் எப்போதும் நிற்கும். புது வீடு கிடைத்த சந்தோஷத்தைக்கூடச் சத்தம் போடாமல்தான் பட்டோம்.

குடிபுகுவதற்கு நல்ல நாள் பார்த்தாயிற்று. நிறைகுடம், குத்துவிளக்கு, பால் காய்ச்சப் புதுப்பானை எல்லாம் இருந்தன. மாடுதான் இல்லை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் புது வீட்டுக்குள் முதலில் பசுவும் கன்றும் போகவேண்டும். அதன் குளம்பு பட்ட பிறகுதான் மனிதர் கால் வைக்கலாம். மூன்றாம் மாடிக்கு மாட்டை எப்படி ஏற்றுவது? நான் சும்மா இருக்க ஏலாமல் மருமகளிடம் ஒருதரம் சொன்னேன்.

"மாமி, மாடு ஏறினா முதலிலை கீழ்வீட்டுக்காரர் பொலிசுக்குப் போன் அடிப்பினம்," என்று சிரித்தாள். "பிறகு மாட்டுக்கும் விசா கேப்பினம்."

ஹைமில் எங்களுக்குப் பக்கத்து அறையில் இருந்த ஒரு மன்னார்ப் பெண் அந்தக் காலத்தில் எங்களுக்கு எல்லா உதவியும். அவர்கள் வேதக்காரர். ஆனால் எங்கள் சாமான் சடங்கு எல்லாம் எங்களைவிட அவளுக்குத்தான் கூடத் தெரியும். வாய் ஓயாது. அவளுடைய கணவனிடம் ஒரு பழைய வான் இருந்தது. குடிபுகுவதற்கு முதல்நாள் பின்னேரம் அந்த வானில் ஷ்பெர்முல் பார்க்கப் போனோம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், இந்த ஊர் ஆட்கள் சில நாட்களில் தங்களுக்கு வேண்டாத கதிரை, மேசை, அலுமாரி எல்லாவற்றையும் தெருவோரம் எடுத்து வைப்பார்கள். மறுநாள் லொறி வந்து அள்ளும். அதற்குமுன் நாங்கள் அள்ளிவிடுவோம். எங்கள் ஆட்களில் பாதிப் பேரின் வீடு அப்படித்தான் நிறைந்தது.

எங்கள் புது வீட்டுக்குப் பின்தெருவில், ஒரு விளக்குக் கம்பத்தோடு சாய்த்து அந்தப் படம் நின்றது. மற்றச் சாமான்களோடு இல்லை, தனியாக. வெள்ளை விரிப்பால் மூடி, கயிறு போட்டுக் கட்டி, முகத்தைக் கம்பத்துப் பக்கம் திருப்பி வைத்திருந்தது. எறிகிற பொருளை யார் இப்படிச் சுற்றிக் கட்டி வைப்பார்கள்?

"இதென்ன, பிரேதம் மாதிரிச் சுத்தி வைச்சிருக்குதுகள்," என்றாள் மன்னார்ப் பெண். சொல்லிக்கொண்டே கயிற்றை அவிழ்த்தாள்.

உள்ளே மாடுகள். கண்ணாடி போட்ட பெரிய சட்டம். ஒரு மாடு நடுவில் நிற்கிறது, மண்ணிறமும் கறுப்புமாக. அதன் கண் நாங்கள் எந்தப் பக்கம் நின்றாலும் எங்களையே பார்த்தது. பக்கத்தில் ஒரு பசு படுத்திருக்கிறது. ஆடுகள் சில. ஒரு மரம், அதற்குப் பின்னால் தொப்பி போட்ட ஒரு மனிதர். தூரத்தில் வேதக்கோயில் கோபுரம் ஊசி மாதிரி. மேலே பாதிப் படம் முழுக்க வானம். மழை வரப்போகிற வானம். ஒரு பக்கம் வெளிச்சம் இருந்தும் மற்றப் பக்கம் இருண்டு வந்துகொண்டிருந்தது.

"மாமி, மாடு கிடைச்சிட்டுது!" என்று மருமகள் கையைத் தட்டினாள்.

"அப்ப நாளைக்கு இதையே முதலிலை கொண்டு போவம்," என்றேன். அது என் வாயிலிருந்துதான் வந்தது. நான் எதையும் தீர்த்துச் சொல்லுகிறவள் இல்லை. அன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை. நான் தாலி இழந்தவள், அதனால் முன்னுக்குப் போகாமல் எல்லோருக்கும் பின்னால் சில படி கீழே ஒதுங்கி ஏறினேன். மருமகள் விளக்கோடு. மகன் படத்தைத் தூக்கி, மாட்டின் முகம் மேலே போகும்படி பிடித்துக்கொண்டு ஏறினான். பசுவின் நெற்றியில் வைக்கச் சொல்லி மருமகளிடம் சந்தனமும் குங்குமமும் கொடுத்திருந்தேன். அவள் நடுவில் நிற்கிற பெரிய மாட்டுக்குத்தான் கண்ணாடிமேல் பொட்டு வைத்தாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மகன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். அப்போதுதான் மன்னார்ப் பெண் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள்.

"ஐயோ அக்கா! இது பசு இல்லை, நாம்பன்! கீழை வடிவாப் பாருங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். மகனும் சிரித்தான், சிரிப்பு இருமலாக மாறியது.

"பசு பக்கத்திலை படுத்திருக்குத்தானே, அது போதும்," என்றாள் மருமகள்.

"படுத்திருக்கிறது எப்பிடிப் பிள்ளை உள்ளுக்கு நடக்கும்? நாம்பன்தான் முதல் காலை வைக்கும். இனி இந்த வீட்டிலை அவர் சொல்லுறதுதான் சட்டம்," என்றாள் மன்னார்ப் பெண்.

அந்த நேரம் இரண்டாம் மாடிக் கதவு திறந்தது. எங்களுக்கு நேர் கீழ்வீட்டு அம்மா. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், நரைத்த தலையை இறுக்கி வாரியிருப்பார். சத்தத்துக்கு ஏசப் போகிறார் என்று நினைத்து எல்லோரும் வாயை மூடினோம். அவர் எங்களைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்தார். நாம்பனின் நெற்றியில் இருந்த சிவப்புப் பொட்டைப் பார்த்தார். கைப்பிடியைப் பிடித்தார். அவருடைய முகத்தில் இருந்த இரத்தம் முழுக்க இறங்கியதை நான் கீழே நின்று கண்டேன். ஏதோ ஒன்று மெதுவாகச் சொன்னார். பிறகு கதவைச் சாத்தினார். உள்ளே பூட்டில் திறப்பு இரண்டுதரம் சுழன்றது.

"என்னவாம்?" என்று மகன் கேட்டான்.

மருமகள் அப்போதுதான் பாஷை படிக்கத் தொடங்கியிருந்தாள். "விளங்கேல்லை. 'திரும்ப' எண்ட மாதிரி ஏதோ சொன்னா."

பால் காய்ச்சினோம். பொங்கவில்லை. மின்சார அடுப்பு, சூடு மெல்ல மெல்லத்தான் ஏறும். மருமகள் பொறுக்காமல் முழுக்கத் திருப்பிவிட்டாள். பால் மேலே எழும்பாமல் அடியில் பிடித்துக் கருகியது. சன்னலைத் திறந்துவைத்தும் அந்த மணம் பின்னேரம் வரையில் போகவில்லை. படத்தை முன்னறையில், மகனும் மருமகளும் படுக்கும் கட்டிலுக்கு மேலே மாட்டினார்கள்.

மகனின் இருமல் அன்றைக்குத் தொடங்கியது என்றுதான் நான் நெடுநாள் நம்பினேன். மருமகள் இல்லை என்கிறாள். ஹைமிலேயே இருந்ததாம். அவள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். எனக்கு நினைவிருப்பது அந்தப் படத்துக்குக் கீழே அவன் இருமியது மட்டும்தான்.

முதலில் தடிமன், வெறும் சளி என்றோம். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். அவன் ஒரு சாப்பாட்டுக் கடையின் நிலவறையில் கோப்பை கழுவினான். ஈரமும் நீராவியுமாக வேலை. அதனால்தான் என்றோம். பிறகு கழுத்து எலும்பு தெரியத் தொடங்கியது. பின்னேரமானால் நெற்றி சுடும். விடியப் பார்த்தால் தலையணை நனைந்திருக்கும்.

"டொக்டரிட்டைப் போ தம்பி," என்றேன்.

"கேஸ் முடியட்டும் அம்மா, பேந்து காட்டுறன்."

கேஸ் என்றால் எங்கள் அகதி வழக்கு. விசாரணைக்கு நாள் வந்திருந்தது. அதில் ஓம் என்றால் இருக்கலாம், இல்லை என்றால் திருப்பி அனுப்புவார்கள். எங்கள் ஆட்களுக்குள் அப்போது ஒரு கதை உலவியது. கசம், அதுதான் காசநோய், என்று டொக்டர் எழுதினால் அது நேரே வெளிநாட்டாரைப் பதிகிற கந்தோருக்குப் போகுமாம், நோய்க்காரனை வைத்திருக்கமாட்டார்களாம், அடுத்த விமானத்தில் ஏற்றுவார்களாம். யார் சொன்னது, யாரை ஏற்றினார்கள், ஒருவருக்கும் தெரியாது. ஆனால் எல்லோரும் நம்பினோம். மருமகளும் நம்பினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்ச நாள்தானே மாமி, பொறுப்பம்," என்பாள். கசம் என்ற சொல்லை வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் வந்துவிடும் என்பது போல.

பகலில் அவர்கள் இருவரும் போனபிறகு நானும் அந்த நாம்பனும்தான். எனக்கு வெளியே போகப் பயம். ஒருநாள் படத்தைத் துடைக்கும்போது மாட்டின் முதுகில் ஈக்கள் இருப்பதைக் கண்டேன். சன்னலால் வந்த ஈயாக்கும் என்று துணியால் தட்டினேன். பறக்கவில்லை. கண்ணாடிக்கு உள்ளே, மாட்டின் தோளிலும் முதுகிலும் ஒவ்வொரு ஈயாகத் தூரிகையால் கீறியிருந்தான் படம் கீறினவன். எதற்காக ஒருவன் ஈயைப் பார்த்துப் பார்த்துக் கீறவேண்டும்? உயிருள்ள மாட்டில் ஈ இருக்கும், சரிதான். ஆனால் எனக்கு வேறு எண்ணம்தான் வந்தது. வானத்தைப் பார்த்தேன், அந்த இருட்டு முதல்நாள் கண்டதைவிடக் கொஞ்சம் கிட்ட வந்திருப்பதுபோல் இருந்தது. துணியைப் போட்டுவிட்டுக் குசினிக்குப் போய்விட்டேன்.

அந்தக் கிழமை கதவில் தட்டினார்கள். மணி அடிக்கவில்லை, கையால் தட்டினார்கள். நான் வாளியைப் பார்த்தேன். பிறகு கதவு ஓட்டையால் பார்த்தேன். கீழ்வீட்டு அம்மா. திறந்தேன். அவர் விரலால் எங்கள் நிலத்தைக் காட்டினார், தன் காதைக் காட்டினார். பிறகு நெஞ்சில் கையை வைத்து இருமிக் காட்டினார். மூன்றாம் மாடியில் இருமுவது தனக்குக் கேட்கிறதாம். எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. இந்த நாட்டில் சத்தம் என்றால் பெரிய குற்றம் என்று எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆணிகூட அடிக்கக்கூடாது. வீட்டுக்காரனிடம் முறைப்பாடு சொல்லி எங்களை வீட்டைவிட்டு எழுப்பிவிடுவார் என்று நினைத்தேன். கைகூப்பிக் கும்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

அதன்பிறகு மகனைக் குசினியில் படுக்கவைத்தோம். கீழே கம்பளி இரண்டு மடித்துப் போட்டோம். இருமல் வந்தால் தலையணையை வாயில் வைத்து அழுத்தச் சொன்னேன். அவன் அப்படியே செய்தான். தலையணைக்குள் இருமுகிற சத்தம் இருமலைவிட மோசம். எங்கோ நிலத்துக்குக் கீழே யாரோ தட்டுகிற மாதிரி இருக்கும்.

அந்த அம்மா விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகன் வேலைக்குப் போயிருந்த நேரம், திரும்ப வந்தார். மருமகள் வீட்டில் இருந்தாள். அவர் உள்ளே வரலாமா என்று கேட்டு, நேரே முன்னறைக்குப் போய்ப் படத்தின் முன்னால் நின்றார். பிறகு கட்டிலில் இருந்து, மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். மருமகள் எனக்குச் சொன்னதை எழுதுகிறேன்.

அந்தப் படம் அவருடையது. அவருடைய தம்பியின் கட்டிலுக்கு மேலே தொங்கிய படம். யுத்தம் முடிந்த பிறகு, சாப்பாடும் இல்லை, நிலக்கரி எடுக்கிற ஊரிலேயே எரிக்க நிலக்கரி இல்லை என்ற காலத்தில், அந்தத் தம்பி நெஞ்சு நோயால் அதன் கீழே படுத்துக் கிடந்து செத்துப்போனான். முப்பது ஆகவில்லை. தாய் அந்தப் படத்தை எறியவிடவில்லை. தாய் போனபிறகு இவர் அதை நிலவறையில் வைத்திருந்தார். கடைசியாக மனதைத் திடப்படுத்தி, விரிப்பால் மூடி, யார் எடுக்கிறார்கள் என்று தன் கண்ணால் காணக்கூடாது என்பதற்காகப் பின்தெருவரைக்கும் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்தார்.

"அடுத்த நாள் விடிய," என்று சொன்னாராம், "அது பொட்டு வைச்சுக்கொண்டு என்ரை வாசலாலை மேலை ஏறிப் போகுது."

இன்னொன்றும் சொன்னார். இதை முதலில் கீறினவன் ஒல்லாந்து தேசத்து இளைஞனாம். பல நூறு வருஷத்துக்கு முந்தியவன். விடிய எழும்பி வயல்வெளிக்குப் போய், பனியிலும் ஈரத்திலும் மாடுகளின் நடுவில் இருந்து பார்த்துக் கீறுவானாம். ஓய்வு எடு என்றால் எடுக்கமாட்டானாம். அவனுக்கும் நெஞ்சுதான். அவனும் முப்பதைக் காணவில்லையாம். தாய் இதைச் சொல்லிச் சொல்லி அழுவாராம்.

ஒல்லாந்தன் என்றதும் எனக்கு எங்கள் ஊர்தான் நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீடு கோட்டைக்குக் கிட்ட. ஒல்லாந்தர் கோட்டை என்றுதான் சொல்வோம். அதற்குள்ளே இருந்து அடித்த ஷெல்லில் முன்சுவர் விழுந்த பிறகுதான் வீட்டைவிட்டு வெளிக்கிட்டோம். கோட்டையிலிருந்து இவ்வளவு தூரம் ஓடிவந்து, புது வீட்டுக்குள் முதல் ஆளாக ஒல்லாந்தன் கீறின நாம்பனுக்குப் பொட்டு வைத்துக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறோமே என்று நினைத்தேன். மகனுக்கு அந்த வருஷம் முப்பது முடியவேண்டும்.

கீழ்வீட்டு அம்மா எழும்பும்போது கடைசியாகச் சொன்னதுதான் மருமகளைப் பயப்படுத்தியது. "அந்த இருமல் எனக்குத் தெரியும். என் தம்பிக்கு மருந்து இல்லை. இப்போது இருக்கிறது. நீங்கள் கூட்டிக்கொண்டு போகாவிட்டால் சுகாதாரக் கந்தோருக்கு நானே போன் பண்ணுவேன்."

மன்னார்ப் பெண் அன்று பின்னேரம் வந்தாள். கேட்டதும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "கந்தோருக்கு அடிச்சா எல்லாம் ஒண்டுதான் அக்கா. ஒரு கந்தோருக்குத் தெரிஞ்சா மற்றதுக்கும் தெரியும். கேஸ் முடியும்வரைக்கும் ஆளை எங்கட இடத்துக்கு அனுப்புங்கோ."

"ஹைமுக்கோ? அங்கை எத்தினை குழந்தையள்," என்றாள் மருமகள்.

மன்னார்ப் பெண் படத்தின் பக்கம் திரும்பினாள். அவளுக்கும் சின்னப் பிள்ளைகள். "முதலிலை இந்தச் சனியனைத் திருப்பி வையுங்கோ, என்னையே முழிசிப் பாக்குது," என்று சொல்லிப் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். அதன் முதுகுப் பக்கத்தில் வெறும் பலகை, ஈரம் ஊறின கறை. அது இன்னும் மோசமாக இருந்தது. யாரோ எங்களுக்கு முதுகைக் காட்டி நிற்பதுபோல.

மகன் வந்ததும் சொன்னோம். கோபப்பட்டான். "எல்லாரும் விசர்க்கதை கதைக்கிறியள். ஒரு மாட்டுப் படம் ஆளைக் கொல்லுமோ? கேஸுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். அதுக்கிடையிலை ஒரு கந்தோரும் என்ரை பேரை எழுதப்படாது." சொல்லி முடிக்க முன்னம் இருமல் வந்தது. தலையணையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனான். போகும்போது, யார் திருப்பினது என்று முணுமுணுத்துக்கொண்டு படத்தை நேராகத் திருப்பிவிட்டுப் போனான். எனக்குத்தான் அது சரியில்லை என்று பட்டது.

மறுநாளோ அதற்கு மறுநாளோ, சரியாக நினைவில்லை, உடுப்புத் தோய்க்க எடுத்தேன். தலையணை உறையை அவன் உள்வெளியாகத் திருப்பி மடித்துக் கூடையின் அடியில் வைத்திருந்தான். ஆண்பிள்ளை ஒருநாளும் உறையை மடிக்கமாட்டான். விரித்துப் பார்த்தேன். மண்ணிறக் கறை, தேத்தண்ணீர் சிந்தினதுபோல. பக்கத்தில் புதிசாகச் சிவப்பு. அந்த நாம்பனின் நெற்றியில் இன்னும் காயாமல் இருந்ததுபோலத் தெரிந்த அதே சிவப்பு.

மகன் வேலையில். மருமகள் வகுப்பில். வீட்டில் ஆள் இல்லை. யாரிடமாவது கேட்டால் பொறு என்பார்கள். நான் வாழ்க்கை முழுக்க மற்றவர்கள் சொல்லக் கேட்டுப் பொறுத்தவள். அந்த உறையைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னறையில் நின்றேன். படத்தில் மரத்துக்குப் பின்னால் நிற்கிற அந்த மனிதர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாடு வைத்திருக்கிற மனிதர் மாட்டைத்தானே பார்க்கவேண்டும்? அவர் பார்த்தது என்னை. என்ன செய்யப்போகிறாய் என்று பார்த்ததுபோல இருந்தது.

செருப்புக்கூடப் போடாமல் இறங்கினேன். அந்த ஊருக்கு வந்து நான் தனியாக ஒரு வெள்ளைக்காரர் வீட்டுக் கதவில் தட்டியது அதுதான் முதல் தடவை. அவர் திறந்தார். எனக்கு அவர்கள் பாஷை தெரியாது. உறையை விரித்துக் காட்டினேன். அவர் பார்த்தார். அதைத் தொடாமல் என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதிரையில் இருத்தினார். பிறகு போனை எடுத்தார். அவர் கதைக்கக் கதைக்க நான் அவருடைய சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் ஒட்டின காகிதம் அங்கே ஒரு இடத்தில் மட்டும் நிறம் மங்காமல், ஒரு பெரிய படத்தின் அளவுக்குச் சதுரமாக இருந்தது. நிலவறைக்குப் போகமுன்னம் அது அங்கேதான் தொங்கியிருக்கவேண்டும். எங்கள் கட்டில் நின்ற இடத்துக்கு நேர் கீழே.

மகனை வேலையிடத்திலேயே வந்து அம்புலன்சில் ஏற்றினார்கள். வந்தவர்கள் தங்கள் வாயையும் மூக்கையும் மூடிக் கட்டியிருந்தார்களாம். அவன் என்னோடு நெடுநாள் கதைக்கவில்லை. மருமகள் என்னைப் பார்த்து, "என்ன வேலை செய்தனீங்கள் மாமி, அனுப்பிப்போட்டினம் எண்டால்?" என்று ஒருதரம் கேட்டாள். பிறகு கேட்கவில்லை. அதுதான் எனக்குக் கூட நொந்தது.

எங்கள் எல்லோருக்கும் சோதனை வைத்தார்கள். மருமகளுக்கு வயிற்றில் பிள்ளை என்பதால் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்காமல் கையில் ஊசி போட்டார்கள். அந்த இடம் தடித்தால் பிழை, தடிக்காவிட்டால் நல்லது. அவள் நடக்கும்போதும் சமைக்கும்போதும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அவள் பாராத நேரம் பார்த்தேன். தடிக்கவில்லை. எனக்குத் தடித்தது. கனநாள் மருந்துக் குளிசை குடித்தேன். மன்னார்ப் பெண்ணின் பிள்ளைகளையும் சோதித்தார்கள், ஒன்றும் இல்லை. அவள் சில காலம் எங்கள் பக்கம் வரவில்லை.

நெஞ்சு ஆஸ்பத்திரி ஊருக்கு வெளியே, காட்டுக்குப் பக்கத்தில். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். மகனின் அறைக்கு இரண்டு கதவு. ஒன்று பூட்டிய பிறகுதான் மற்றது திறக்கும். நானும் முகத்தைக் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். அவன் சன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். நான் வந்தது தெரிந்தும் கொஞ்ச நேரம் திரும்பவில்லை. பிறகு கையைத் தூக்கி வெளியே காட்டினான்.

"எணை அம்மா, அங்கை பாருங்கோ. எங்கட ஆள் இஞ்சையும் வந்திட்டார்."

சன்னலுக்கு வெளியே புல்வெளி. தட்டையான நிலம். மேலே எல்லாம் வானம், மழை வானம். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் மாடுகள் படுத்திருந்தன. நடுவில் ஒன்று மட்டும் எழும்பி நின்று தலையைத் தூக்கி எங்கள் சன்னலைப் பார்த்தது. மண்ணிறமும் கறுப்பும். அவன் பகிடியாகச் சொன்னான். என்னோடு கதைக்கத் தொடங்கினானே என்று நான் சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். என்னால் சிரிக்க முடியவில்லை. சன்னல் திரையை இழுத்துவிட்டேன். அவன் திரும்பத் திறக்கச் சொன்னான். திறந்தேன். அது இன்னும் பார்த்துக்கொண்டிருந்தது.

டொக்டர் மருமகளிடம் சொன்னார், பிந்தித்தான் வந்திருக்கிறீர்கள், இன்னும் பிந்தியிருந்தால் தாங்களும் ஒன்றும் செய்ய ஏலாது என்று. ஒரு பக்கச் சுவாசப்பையில் ஒரு பகுதி போய்விட்டது. மற்றதைக் காப்பாற்றினார்கள். விசாரணை நாளை எங்கள் வழக்கைப் பார்த்த லோயர் தள்ளிப்போடச் செய்தார். நோய் என்று ஒருவரையும் அனுப்புவதில்லை, அது வெறும் கதை என்று அவர்தான் சொன்னார். அந்தக் கதையை நம்பி நாங்கள் அவனைத் தலையணைக்குள் இருமவைத்தோம். பின்னர் வழக்கும் எங்கள் பக்கம் முடிந்தது, கொஞ்சக் காலம் எடுத்தது. பேத்தி பிறந்தபோது தகப்பன் இன்னும் அந்த இரண்டு கதவுக்குள்தான். கண்ணாடியால்தான் காட்டினோம்.

அவன் வீட்டுக்கு வந்த பிறகு நான் படத்தை எடுத்து எறிந்துவிடச் சொன்னேன். ஷ்பெர்முல் நாளும் வந்தது. மருமகள் விரிப்பையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு வந்தாள். வந்தவள் அப்படியே நின்றாள்.

"மாமி, நாங்கள் கொண்டுபோய் அடுத்த தெருவிலை வைச்சால், அங்கை ஒரு குடும்பம் எடுத்துக்கொண்டு போகும். எங்களை மாதிரி அவையும் கட்டிலுக்கு மேலை மாட்டுவினம்."

கீழ்வீட்டு அம்மாவிடம் கேட்டோம், திருப்பித் தரட்டுமா என்று. அவர் ஏறி வந்து, நெடுநேரம் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடியில் காய்ந்திருந்த பொட்டை நகத்தால் தொட்டுப் பார்த்தார். வேண்டாம், இங்கேயே இருக்கட்டும், இந்த முறை அதற்குத் தோல்வி என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "இந்த முறை" என்றதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கட்டிலை மற்ற அறைக்கு மாற்றிவிட்டோம். படம் தொங்கின இடத்திலேயே தொங்குகிறது.

மகனுக்கு முப்பது முடிந்த அன்று நான் விளக்கு வைத்துவிட்டு, ஈக்களைக் கண்ட நாளிலிருந்து தொடாமல் இருந்த அந்தக் கண்ணாடியைத் துடைத்தேன். பொட்டை மட்டும் துடைக்கவில்லை. இப்போது அவனுக்குத் தலை நரைத்துவிட்டது. படியேறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்குகிறான். நான் மேலே கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காதைக் கொடுத்து நிற்பேன். கீழ்வீட்டு அம்மா இப்போது இல்லை. அவருடைய வீட்டுக்கு வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

படத்தின் கதை இவ்வளவும் எனக்கு மருமகள் சொன்னதும் கீழ்வீட்டு அம்மாவுக்கு அவருடைய தாய் சொன்னதும்தான். புத்தகம் பார்த்து எழுதவில்லை. ஆகவே இதைப் படிக்கிறவர்களில் விஷயம் தெரிந்த யாராவது சரிபார்த்துத் தாருங்கள். அந்த ஒல்லாந்தன் இதைக் கீறின காலமும் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த காலமும் கிட்டக் கிட்டத்தானா? மூலப்படத்திலும் மரத்துக்குப் பின்னால் நிற்கிற மனிதர் மாட்டைப் பார்க்காமல் எங்களைத்தான் பார்க்கிறாரா, அல்லது எங்களிடம் இருக்கிற படத்தில் மட்டும்தானா? முக்கியமாக, கீறினவன் எத்தனை வயதில் செத்தான் என்பதைப் பாருங்கள். முப்பதுக்கு முன் என்று கேட்டதை நம்பித்தான் நான் அன்றைக்கு விளக்கு வைத்தேன். அது பிழை, அவன் இன்னும் கனகாலம் இருந்துவிட்டுத்தான் போனான் என்றால், அதையும் மறைக்காமல் எனக்குச் சொல்லிவிடுங்கள். எந்த வயதுக்குப் பயப்படவேண்டும் என்று எனக்குத் தெரியவேண்டும்.